யாரைப் பிடித்தோம் என்று தெரியாதவர்கள்

இராக்கில் அல்-கொய்தா அமைப்பை வழிநடத்திய அபூ முசாப் அல்-சர்காவி 2004ஆம் ஆண்டு ஃபலூஜா பகுதியில் இராக்கியப் பாதுகாப்புப் படையினரிடம் பிடிபட்டார். அவர் யாரென்று தெரியாமல் அவர்கள் விட்டுவிட்டார்கள். இதை 2005 டிசம்பரில் வெளியே சொன்னவர் இராக்கின் உள்துறைத் துணை அமைச்சர் உசேன் கமால். சர்காவியின் தலைக்கு அமெரிக்கா 2.5 கோடி டாலர் பரிசு அறிவித்ததும் அதே 2004இல்தான். இத்தகைய தவறு வெளிப்படும்போதெல்லாம் பாதுகாப்புத் துறைக்கு வக்காலத்து வாங்குவோர் ஒரே வாதத்தை எடுத்து வைக்கிறார்கள்: விட்டதுதான் பிழை; இன்னும் பலரைப் பிடித்து, இன்னும் நீண்ட நாள் உள்ளே வைத்திருந்தால் உண்மை வெளிவந்திருக்கும் என்பது. கண்மூடித்தனமான சுற்றிவளைப்பு என்ற வழக்கத்தைக் காப்பாற்றும் வாதம் இது. அந்த வழக்கம்தான் சர்காவியைத் தப்பவிட்டது என்பது என் துணிபு.

சுற்றிவளைப்பால் பயனே இல்லை என்று சொல்லவில்லை. ஆயுதங்கள் சிக்குகின்றன, சில நாள்களுக்காவது ஒரு பகுதி அடங்குகிறது. கைரேகைப் பதிவின் பயனையும் மறுப்பதற்கில்லை. 2001 ஆகஸ்டில் ஆர்லாண்டோ விமான நிலையத்தில் திருப்பி அனுப்பப்பட்ட, செப்டம்பர் 11 தாக்குதலில் பங்கேற்க வந்தவராகக் கருதப்படும் முகமது அல்-கஹ்தானி பின்னர் ஆப்கானிஸ்தான் எல்லையில் பிடிபட்டு அமெரிக்காவின் குவாண்டானமோ சிறையில் இருந்தபோது, அவரை அடையாளம் காட்டியது விமான நிலையத்தில் பதிவான ரேகைதான். ஆனால் அந்த விமான நிலையத்தில் ஓர் அதிகாரி ஒரு மனிதரை உட்காரவைத்துக் கேள்வி கேட்டார், ஐயப்பட்டார், பதிவு செய்தார். ஒப்பிட ஏதோ ஒன்று இருந்ததற்கு அந்த உழைப்பே காரணம்.

இராக்கில் நடந்தது நேர் எதிர். செஞ்சிலுவைச் சங்கத்தின் 2004 பிப்ரவரி அறிக்கை, அமெரிக்கத் தலைமையிலான கூட்டணிப் படையினர் இரவில் வீடு புகுந்து, முதியவர், ஊனமுற்றவர், நோயாளி என்று பாராமல் வீட்டு ஆண்களை அள்ளிச்சென்றதை விவரிக்கிறது. கைதானவர்களில் 70 முதல் 90 சதவீதம் பேர் தவறுதலாகப் பிடிக்கப்பட்டவர்கள் என்று ராணுவ உளவு அதிகாரிகள் சிலரே சங்கத்திடம் கூறியதாகவும் அது பதிவு செய்கிறது. இந்த எண்ணிக்கையை மனித உரிமைப் பிரச்சினையாக மட்டும் பார்த்துவிட்டு நகர்கிறோம். பாதுகாப்பின் கண்கொண்டும் பார்க்க வேண்டும். பிடிபட்ட பத்துப் பேரில் ஏழெட்டுப் பேர் ஒன்றுமறியாதவர்கள் என்றால், காவலர் ஒவ்வொரு முகத்தையும் ஒன்றுமறியாத முகமாகவே பார்க்கப் பழகிவிடுகிறார். விடுவிப்பதும் அன்றாட வேலையாகிவிடுகிறது. தேடப்படுபவருக்கு இதைவிடப் பாதுகாப்பான மறைவிடம் வேறில்லை. சர்காவி என்பது சர்கா என்ற ஜோர்டானிய ஊரை ஒட்டிய புனைபெயர். பிறப்புப் பெயர் அகமது ஃபதீல் அல்-கலாயிலா. பட்டியலில் உள்ள பெயரைப் பிடிபட்டவர் தானாகச் சொல்லப் போவதில்லை. அவருக்கு ஒரு கால் இல்லை என்றுகூட அமெரிக்க அதிகாரிகள் வாயிலாகச் செய்தி பரவியிருந்தது; 2006இல் வெளிவந்த காணொளியில் அவர் இரு கால்களோடு நடந்தார். பெயரும் உதவாது, சொல்லப்பட்ட அடையாளமும் பொய். எஞ்சியிருப்பது பேச்சு வழக்கு, ஊர், உறவு, தொழில் எனத் துருவிக் கேட்கும் விசாரணை ஒன்றுதான். ஆயிரக்கணக்கானோரை அள்ளிவந்து குவித்தால் அந்த விசாரணைக்கு ஆளும் கிடையாது, நேரமும் கிடையாது.

நீண்ட நாள் வைத்திருந்தால் தெரிந்திருக்கும் என்பார்கள். பின்னாளில் ஐஎஸ் தீவிரவாத அமைப்பின் தலைவரான அபூ பக்கர் அல்-பக்தாதி அதே ஃபலூஜாவில் 2004 பிப்ரவரியில் பிடிபட்டு, டிசம்பரில் விடுதலையானார். அன்று அவர் தேடப்பட்டவர் அல்ல, உண்மைதான். ஆனால் சுமார் பத்து மாதக் காவலுக்குப் பிறகும் அமெரிக்க ராணுவத்துக்கு அவர் ஒரு சாதாரணக் கைதியாகவே தெரிந்தார். அவர் இருந்த புக்கா தடுப்புக் காவல் முகாம் தீவிரவாதிகள் ஒருவரையொருவர் அறிந்துகொண்ட இடமாக ஆனதுதான் மிச்சம். கேள்வி கேட்காத காவல் எத்தனை மாதம் நீண்டாலும் அது அறிவைத் தராது. போர்ச்சூழலில் ஆற அமர விசாரிக்க முடியுமா என்ற கேள்வியும் எழும். முடியாது என்பதால்தான் குறைவானவர்களை, காரணத்தோடு பிடிக்க வேண்டும் என்கிறேன். விசாரிக்க முடியாத அளவுக்கு ஆள்களைப் பிடிப்பதைத் திறமை என்று யாரும் சொல்ல வேண்டாம்.

சர்காவி விடப்பட்ட பிறகு, 2005 நவம்பர் 9 அன்று, அவருடைய அமைப்பு ஜோர்டான் தலைநகர் அம்மானில் மூன்று ஹோட்டல்களில் குண்டு வைத்தது. சுமார் 60 பேர் மாண்டார்கள், அவர்களில் பலர் கல்யாணத்துக்கு வந்தவர்கள். இனி எந்த அரசாவது ஒரு சுற்றிவளைப்பில் இத்தனை நூறு பேரைப் பிடித்தோம் என்று அறிவித்தால், அவர்களில் எத்தனை பேரை யார் உட்கார்ந்து விசாரித்தார், அந்தப் பதிவு எங்கே இருக்கிறது என்று கேளுங்கள்.