முதலில் 15, பிறகே 9

சர்வருக்குள் நுழைந்ததும் என் விரல் முதலில் தட்டுவது ‘டபிள்யூ’ என்ற ஒற்றை எழுத்தைத்தான். பெர்க்லி யுனிக்ஸ் கொடுத்த கமாண்ட் அது. ஓர் எழுத்துக்கு ஈடாகத் திரை நிறையச் சேதி வரும்: இயந்திரம் எத்தனை நாளாக நிற்காமல் ஓடுகிறது, உள்ளே யார் யார், எங்கிருந்து வந்தார்கள், எத்தனை மணிக்கு, இப்போது என்ன செய்கிறார்கள். வாசலில் கிடக்கும் செருப்புகளைப் பார்த்தே வீட்டுக்குள் யார் வந்திருக்கிறார்கள் என்று தெரிந்துகொள்வோமே, அந்தப் பார்வைக்கான கமாண்ட் இது.

அதில் நான் மிகவும் ரசிப்பது ‘ஐடில்’ என்ற பத்தி. ஒருவர் கடைசியாகக் கீபோர்டைத் தொட்டு எவ்வளவு நேரமாகிறது என்று அது சொல்லும். இதை அறியத் தனியாக ஒற்றன் யாரும் வைக்கப்படவில்லை. யுனிக்ஸில் டெர்மினலும் ஒரு ஃபைல்தான். அந்த ஃபைல் கடைசியாகப் படிக்கப்பட்ட நேரம் எப்படியும் பதிவாகிறது. அதை இப்போதைய நேரத்திலிருந்து கழித்தால் வேலை முடிந்தது. கையில் இருப்பதைக் கொண்டே இன்னொன்றைக் கண்டுகொள்ளும் இந்தச் சிக்கனம் யுனிக்ஸ் முழுக்க ஓடுகிறது. லினக்ஸில் ‘ப்ராக்’ என்ற டைரக்டரிக்குள் போய்ப் பாருங்கள். ஓடிக்கொண்டிருக்கும் ஒவ்வொரு ப்ரோகிராமுக்கும், அதாவது ப்ராசஸுக்கும், அதன் எண்ணையே பெயராகக் கொண்ட ஒரு டைரக்டரி இருக்கும். டிஸ்க்கில் அப்படி எதுவும் கிடையாது. நாம் கேட்கிற நேரத்தில் சிஸ்டத்தின் கருவான கெர்னல் எழுதிக் காட்டுகிறது. பெல் லேப்ஸின் டாம் கில்லியன் 1984-இல் முன்வைத்த யோசனை இது. லினக்ஸின் ‘பி.எஸ்.’, ‘டாப்’ எல்லாம் அந்த டைரக்டரிகளைப் படித்து வரிசைப்படுத்தித் தருபவைதாம்.

டாப்பை வில்லியம் லெஃபெவ்ர் எழுதியதும் அதே 1984-இல். இளையவர்கள் ஹெச்டாப்பின் வண்ணப் பட்டைகளை விரும்புகிறார்கள். எனக்கு டாப்பின் வெறும் எழுத்துகளே போதும். சில விநாடிக்கு ஒருமுறை வரிகள் இடம் மாறுவதை எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பார்த்திருப்பேன். பெரும்பாலான வரிகளில் ‘எஸ்’ என்றிருக்கும். உறக்கம் என்று பொருள். நலமான சர்வரில் நூற்றுக்கணக்கான ப்ராசஸ்கள் தூங்க, ஒன்றிரண்டு மட்டும் ‘ஆர்’ என்று விழித்திருக்கும்.

திரையின் தலையில் லோடு ஆவரேஜ் என்று மூன்று எண்கள்: கடந்த 1, 5, 15 நிமிடங்களில் சராசரியாக எத்தனை ப்ராசஸ்கள் சி.பி.யு.வில் ஓடின அல்லது அதற்காகக் காத்திருந்தன என்ற கணக்கு. இதை வலமிருந்து இடமாகப் படிக்கக் கண்ணைப் பழக்க வேண்டும். அப்படிப் படிக்கையில் 2, 5, 12 என்று ஏறினால் தொல்லை இப்போதுதான் பிறக்கிறது. 12, 5, 2 என்று இறங்கினால் நாம் பார்ப்பது விட்டுப்போகிற மழையை. லினக்ஸில் இன்னொரு நுணுக்கமும் உண்டு. டிஸ்க்கின் பதிலுக்காக ‘டி’ நிலையில் காத்துக் கிடப்பவையும் இந்தக் கணக்கில் சேரும். அதனால் லோடு 30-ஐத் தொட்டிருக்க, சி.பி.யு. சும்மா உட்கார்ந்திருக்கும் காட்சியும் வரும். பழகாத கை ப்ராசஸை நிறுத்தப் பாயும். பழகிய கண் டிஸ்க்கைத் தேடிப் போகும்.

இப்படிக் கவனிக்கும் கலையில் நான் தலைவணங்கும் பெயர் கிளிஃபர்ட் ஸ்டால். வானியலாளர். 1986-இல் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தின் கம்ப்யூட்டர் கணக்கில் 75 சென்ட் உதைத்தது. அதைத் துரத்திப்போனவர் கடைசியில் மேற்கு ஜெர்மனியின் ஹனோவரிலிருந்து ஊடுருவிய ஒருவனைக் கண்டுபிடித்தார். வந்தவனும் நம்மைப் போலவேதான்: நுழைந்ததும் உள்ளே யார் இருக்கிறார்கள், என்ன ஓடுகிறது என்று பார்த்தான். பி.எஸ். கமாண்டோடு அவன் ‘எஃப்’ என்ற எழுத்தையும் சேர்த்துத் தட்டினான். பெர்க்லி யுனிக்ஸில் அதற்குத் தேவையே இல்லை, ஏ.டி. அண்ட் டி. யுனிக்ஸில் பழகிய கைதான் அப்படித் தட்டும். ஆள் உள்ளூர்க்காரன் இல்லை என்பதற்கு அந்த ஓரெழுத்தே சாட்சியாக நின்றது. ஸ்டால் கவனித்த விதம் இன்னும் அழகு. இயந்திரத்துக்குள் ஒரு கண்காணிப்பு ப்ரோகிராமை ஓடவிட்டால் அவனுடைய பட்டியலிலும் அது தென்பட்டுவிடும். ஆகவே வெளியே, லைன்களிலேயே பிரிண்டர்களை இணைத்து, அவன் தட்டியதையெல்லாம் காகிதத்தில் வாங்கினார்.

பார்ப்பது பாதி வேலை. மீதி, நிறுத்துவது. அதற்கான கமாண்டின் பெயர் ‘கில்’ என்றாலும், அது உண்மையில் செய்வது சேதி அனுப்புவது. எண் எதுவும் சொல்லாவிட்டால் 15 போகும்: ‘கிளம்பு’ என்ற வேண்டுகோள். நன்றாக எழுதப்பட்ட ப்ரோகிராம் அதைக் கேட்டதும் திறந்த ஃபைல்களை மூடி, பாதியில் நிற்கும் எழுத்தை முடித்து, போட்ட பூட்டுகளை எடுத்துவிட்டுப் போகும். 9 அப்படியல்ல. ப்ராசஸின் காதுக்கே அது எட்டாது. கெர்னல் நேரே தூக்கிவிடும். பூட்டு ஃபைல்களும் அரைகுறை டேட்டாவும் அங்கேயே கிடக்கும். எடுத்ததும் 9 அடிப்பவரை என்னால் தேர்ந்த கை என்று ஒப்புக்கொள்ள முடியாது. 15 அனுப்பி, பத்து விநாடி கையைக் கட்டிக்கொண்டு காத்திருக்கத் தெரிய வேண்டும். சில சமயம் அதற்கும் முன்னால் ‘ரீநைஸ்’ போதும். அதன் ‘நைஸ்’ எண்ணை 19 வரை ஏற்றினால் அந்த ப்ராசஸ் மற்றவர்களுக்கு வழிவிட்டு ஓரமாக ஓடிக்கொள்ளும். யாரையும் நிறுத்த வேண்டியதே இல்லை. 1-ஆம் எண் சேதிக்கு ‘ஹேங்கப்’ என்று பெயர். டெலிபோன் லைன் அறுந்த செய்தியைச் சொல்லப் பிறந்தது. இன்று பல சர்வர் ப்ரோகிராம்கள் அதைக் கேட்டால் செட்டிங்கை மறுபடி படித்துக்கொள்கின்றன.

எனக்கு இந்த வேலையைக் கற்றுக்கொடுத்த அண்ணன் ஒருவர் இருந்தார். ஒரு சனிக்கிழமை மாலை சர்வரை ரீபூட் செய்ய வேண்டியிருந்தது. ‘வால்’ கமாண்டில் எல்லா டெர்மினலுக்கும் அறிவிப்புப் போய்விட்டது. ஒவ்வொருவராக வெளியேற, எங்கள் வரி தவிர ஒரே ஒரு வரி மட்டும் மிஞ்சியது. ஐடில் பத்தியில் 2 நாள். என்ன செய்கிறார் என்ற இடத்தில் ‘வி.ஐ.’. நான் கில் என்று தட்டிவிட்டு என்டரை அழுத்தப் போனேன். அவர் என் கையைத் தொட்டு நிறுத்தினார். “எடிட்டர் திறந்திருக்குப்பா. உள்ளே என்ன எழுதி வெச்சிருக்காங்களோ” என்று சொல்லி போனை எடுத்தார். மூன்றாவது முறை மணியடித்தபோதுதான் அந்த வரிக்குச் சொந்தக்கார அம்மா எடுத்தார்.

“அய்யோ, மறந்தே போயிட்டேன் சார். இதோ சேவ் பண்ணிடறேன், அஞ்சு நிமிஷம் இருங்க.”

ஏழு நிமிடம் ஆயிற்று. மறுபடி ‘டபிள்யூ’ தட்டினோம். எங்கள் வரி மட்டும் இருந்தது.