பழ ஈயும் இயக்க நரம்பும்

தசைகளை ஏவுகின்ற இயக்க நரம்பணுக்கள் படிப்படியாக மடிந்து, கையும் காலும் நாவும் முடிவில் சுவாசமும் ஓய்ந்துபோகச் செய்யும் ஏ.எல்.எஸ். என்னும் கொடிய வியாதிக்குக் காரணம் தேடுகிறவர்கள், அழுகிய பழத்தை மொய்க்கும் ஒரு சிற்றீயிடம் போய் நிற்பது முதற்பார்வைக்கு விசித்திரமாகவே தோன்றும். ஆயினும், 1910-இல் தாமஸ் ஹண்ட் மார்கன் கொலம்பியா சர்வகலாசாலையில் வெள்ளைக் கண் கொண்ட ஈயைக் கண்டது முதலாக, ஜீன்களின் தொழிலை அறிவதற்கு இதனினும் வசதியான பிராணி அரிதாகவே கிடைத்திருக்கிறது. பத்தே நாளில் முட்டை ஈயாகிவிடுகிறது. மனித நோய்களோடு தொடர்புள்ள ஜீன்களில் ஏறத்தாழ முக்கால் பங்குக்கு ஈயிடம் இணை உண்டு. 1993-இல் பிராண்டும் பெரிமானும் வகுத்த முறையால், வேண்டிய ஜீனை வேண்டிய உயிரணுக்களில் மட்டும் செயற்படுத்தவும் இயலும்.

இவ்வசதிகளின் உச்சமான பயனை நான் சார்ம் என்னும் ஜீனின் வரலாற்றில் காண்கிறேன். 1850-இல் அகஸ்டஸ் வாலர் தவளையின் நரம்பை அறுத்துப் பார்த்த காலந்தொட்டு, அறுபட்ட நரம்பிழை போஷணையின்றித் தானே சிதைகிறது என்னும் அபிப்பிராயமே நெடுநாள் நிலவியது. 2012-இல் மார்க் ஃபிரீமன் குழுவினர், எந்த ஜீனையும் முன்கூட்டி ஊகிக்காமல், பலவகை மாறுதல் பெற்ற ஈக்களின் மோப்ப நரம்புகளை அறுத்துச் சோதித்து, சார்ம் இல்லாத ஈக்களில் அறுந்த இழை வாரக்கணக்கில் சிதையாதிருப்பதைக் கண்டனர். எலியிலும் அவ்வாறே நிகழ்ந்தது. சிதைவு, உயிரணு தானே நடத்தும் ஒரு காரியம் என்பது தெளிவாயிற்று. மிதமிஞ்சிச் செயற்படும் சார்ம் வடிவங்கள் ஏ.எல்.எஸ். நோயாளிகள் சிலரிடமும் பின்னர் காணப்பட்டன. அதே 2012-இல், குழந்தைகளை முடக்கும் முதுகுத்தண்டுத் தசைநலிவு நோய்க்குரிய எஸ்.எம்.என். ஜீன் குறைந்த ஈப்புழுக்களில், அந்த ஜீனை இயக்க நரம்புக்கு மீட்டுத் தந்தபோது பயனில்லாமல், அதற்குச் செய்தி கொண்டுவரும் உணர்வு நரம்புகளுக்கும் இடைநரம்புகளுக்கும் தந்தபோதே நடை திருந்தியது. நோயுற்ற நரம்பை மட்டும் உற்றுநோக்கியிருந்தால் இது புலப்பட்டிராது.

ஈ ஆராய்ச்சியின் குறைகள் வேறிடத்தில் தொடங்குகின்றன. ஈக்குத் தண்டுவடமில்லை, மூளைப் புறணியிலிருந்து இறங்கும் மேல் இயக்க நரம்புமில்லை, நம் தசைக்கு அசிட்டைல்கோலின் கொண்டு செல்லும் செய்தியை ஈயின் தசைக்குக் குளூட்டமேட் கொண்டு செல்கிறது. இவையெல்லாம் யாவரும் அறிந்து ஒப்புக்கொண்ட பேதங்களாதலின் ஆபத்தில்லாதவை. ஆபத்தானது, ஏ.எல்.எஸ். நோயோடு தொடர்புள்ள, மனிதரின் டி.டி.பி.-43 போன்ற புரதத்தை ஈயின் கண்ணில் அளவுக்கு மீறித் திணித்து, கண் சிதைவதைக் கண்டு அதனையே இயக்க நரம்பு நோயின் பிரதியாகக் கொள்ளும் பழக்கம். எதையேனும் மிகுதியாகத் திணித்தால் உயிரணு நலிவது இயல்பே. மேலும், டி.டி.பி.-43 குறையும்போது மனித நரம்பணுவில் ஸ்டாத்மின்-2 ஜீனின் செய்தியில் புகுந்து அதனைக் கெடுக்கும் துணுக்கு எலியிடத்துக்கூட இல்லையென்பது 2019-இல் வெளியான உண்மை. அத்தகைய கேட்டை ஈ எங்ஙனம் காட்டும்?

அடாக்சின்-2 என்னும் புரதத்தின் கதை இதற்கு நல்ல சான்று. அதனைக் குறைத்தால் டி.டி.பி.-43-இன் நஞ்சு தணிகிறது என்பதை 2010-இல் ஈஸ்டும் ஈயின் கண்ணும் காட்டின. 2017-இல் எலிகளும் நீண்ட நாள் வாழ்ந்தன. மனிதரிடம் அப்புரதத்தைக் குறைத்த மருந்தோ நரம்புச் சிதைவின் அடையாளத்தைத் தணிக்கவில்லையென்று 2024-இல் சோதனை நிறுத்தப்பட்டது. எலியும் இதில் பங்காளியாதலின் பழி முழுவதையும் ஈயின்மேல் சுமத்துவது நியாயமாகாது. ஆனால் சார்மின் கதையில் ஈயிடம் உள்ளதை நீக்கிப் பார்த்தார்கள். இங்கோ மனிதரின் டி.டி.பி.-43-ஐத் திணித்து, அதன் நஞ்சைத் தணித்துப் பார்த்தார்கள். முன்னதன் சாட்சியத்தை நான் பெரிதும் நம்புகிறேன். பின்னதைத் தொடக்கக் குறிப்பாக மட்டுமே ஏற்கிறேன்.

ஈயில் நிவாரணம் கண்டார்கள் என்ற செய்தியைப் படிக்கும் நோயாளியின் உறவினர் எவரும், ஜீனை நீக்கினார்களா திணித்தார்களா, கண்ணிலா இயக்க நரம்பிலா, மனித நரம்பணுவிலும் அது மெய்ப்பட்டதா என்று வைத்தியரிடம் கேட்டறிந்த பின்னரே அதில் நம்பிக்கை வைக்க வேண்டுகிறேன்.