டிஸ்கோவும் தப்பும்

ஆட்டத்துக்குரிய இசை என்றாலே முகஞ்சுளிக்கும் வழக்கம் நம் முற்போக்கு நண்பர்களிடையே இன்னும் மறைந்தபாடில்லை. வணிகச் சரக்கு, இளைஞரை மயக்கும் போதை, அந்நிய நாகரிகத்தின் எச்சில் என்று மூன்று வசைகளை அடுக்கிவிட்டால் விமரிசனம் முடிந்ததாக எண்ணுகிறோம். அண்மைக்காலம் வரை நானும் அவ்வாறே எண்ணியிருந்தவன். ஆகவே பிறரைக் குறை சொல்லும் தகுதி எனக்கு அதிகமில்லை.

கண்டியிலிருந்து கலஹா வழியாகத் தெல்தோட்டை செல்லும் தனியார் பஸ்ஸில் ஏறியவர்கள் அறிவார்கள், அங்கே காதுக்கு ஓய்வு கிடையாது. ஒருநாள் மாலை அத்தகைய பஸ்ஸொன்றில் பழக்கமான இசையொன்று புதிய கோலத்தில் ஒலித்தது. 1986இல் பாலசந்தர் இயக்கிய ‘புன்னகை மன்னன்’ படத்துக்கு இளையராஜா அமைத்த இசை அது. கணினியின் துணையோடு பிறந்த இசை என்று அந்நாளில் பெரிதாகப் பேசப்பட்டது. அப்படத்தின் நாயகி மாலினி ஒரு சிங்களப் பெண் என்பதையும் ஈண்டு நினைவூட்டலாம். 1983ஆம் ஆண்டின் தீ அணையாத வேளையில் வந்த படம். யாரோ ஓர் இளைஞன் அவ்விசையின் சிறு பகுதியை வெட்டியெடுத்து, திரும்பத் திரும்ப ஒட்டி, கீழே இயந்திரத் தாளத்தைப் பரப்பி, இரண்டு நிமிடத்தை ஏழு நிமிடமாக நீட்டியிருந்தான். முன்வரிசைச் சிங்களக் கிழவரின் விரல்கள் கம்பியில் தாளம் போட்டன.

இதைத்தான் மாணவர்கள் ‘எடிட்’ என்கிறார்கள். பாட்டில் கால் தானாக அசையும் இடம் எது என்று கண்டுபிடிப்பது முதல் வேலை. அவ்விடத்தை நீட்டி, மற்றதைக் குறைத்து, கைத்தொலைபேசி வழியே நண்பனுக்கு அனுப்புவது இரண்டாவது வேலை. முதல் வேலை ஒருவகை விமரிசனம் என்றே சொல்வேன். ஒரு காவியத்தில் எந்தச் செய்யுளில் உயிர் நிற்கிறது என்று தேடும் வேலைக்கும் இதற்கும் தூரம் அதிகமில்லை. எங்கள் பேராசிரியர்கள் இதைக் கேட்டால் என்னை மன்னிக்கமாட்டார்கள்!

இந்த வெட்டியொட்டும் கலைக்கு ஒரு வரலாறு உண்டு. 1977 முதல் சிக்காகோ நகரில் ‘வேர்ஹவுஸ்’ என்னும் ஆட்டக்கூடத்தில் பிராங்கி நக்கிள்ஸ் என்ற கறுப்பினக் கலைஞர் இசைத்தட்டுக்களைச் சுழற்றினார். டிஸ்கோ பாட்டுக்களை ஒலிநாடாவில் வெட்டி ஒட்டி, தாளப் பகுதிகளை நீட்டி, விடியும்வரை ஆட்டினார். அங்கு ஆடியவர்கள் பெரும்பாலும் கறுப்பின, லத்தீன் இளைஞர்கள். தன்பால் விருப்பங் கொண்டமையால் வீட்டிலும் வீதியிலும் இழிவுபட்டவர்கள். அந்தக் கூடத்தின் பெயரிலிருந்தே ‘ஹவுஸ்’ என்ற இசைவகை பெயர் பெற்றது.

அதே நகரில் 1979 ஜூலை 12ஆம் திகதி வேறொன்று நடந்தது. கொமிஸ்கி பார்க் விளையாட்டரங்கில் வானொலி அறிவிப்பாளர் ஒருவரின் அழைப்பில் ஆயிரக்கணக்கானோர் டிஸ்கோ இசைத்தட்டுக்களோடு கூடினர். தட்டுக்களைப் பெட்டியில் குவித்து, மைதான நடுவே வெடிவைத்துத் தகர்த்தனர். அன்று அவ்வரங்கில் இருக்கை காட்டும் வேலை செய்த கறுப்பின இளைஞரான வின்ஸ் லாரன்ஸ் ஒன்றைக் கவனித்தார்: எரிக்கக் கொண்டுவந்த தட்டுக்களில் பல டிஸ்கோவே அல்ல, கறுப்பினக் கலைஞர்கள் பாடியவை என்ற ஒன்றே அவற்றின் குற்றம். பின்னர், 1984இல், முதல் ஹவுஸ் இசைத்தட்டு என்று பலர் குறிப்பிடும் தட்டின் ஆக்கத்தில் பங்குகொண்டவரும் அவரே.

வெறுக்கப்பட்டது தாளமா, தாளத்துக்கு ஆடிய மக்களா? இக்கேள்வி சிக்காகோவோடு நின்றுவிடவில்லை.

எங்கள் பாடசாலைக் கலைவிழாவுக்கு உயர்தர வகுப்பு மாணவனொருவன் தன் எடிட் ஒன்றைக் கொண்டுவந்தான். தெல்தோட்டைப் பக்கத்துத் தோட்டத்தில் காமன் கூத்தின்போது அவனுடைய தாத்தா அடித்த தப்பை அவனே பதிவு செய்து, டிஸ்கோவின் சம தாளத்தோடு பிணைத்திருந்தான். அரை நிமிடம் ஒலித்திருக்கும். மூத்த ஆசிரியரொருவர் எழுந்து நிறுத்தச் சொன்னார். டிஸ்கோ கூடாது என்பார் என நினைத்தேன். ‘சாவு வீட்டுக் கொட்டை மேடையிலும் கேட்க வேண்டுமா?’ என்றார். அந்த வசையில் அந்நிய நாகரிகத்துக்கு இடமே இல்லை. நம் சொந்தச் சாதி நாகரிகம் முழுதாக இருந்தது. அன்று நான் வாய் திறக்கவில்லை. மேடைக்குப் பின்னால் பையன் கருவியைச் சுருட்டிக்கொண்டு போனதைப் பார்த்தபடி நின்றேன்.

இந்நாட்டுத் தேயிலை யாருடைய உழைப்பு என்று வகுப்பிலே வாய்கிழியப் பேசுகிறோம். ஒரு காலத்தில் விடியற் பனியில் பிரட்டுக்கு ஆள் திரட்டியது இதே தப்பு. திருவிழா, கூத்து, சாவு, மூன்றுக்கும் லயத்து மக்களோடு நின்றதும் இதுவே. சி. வி. வேலுப்பிள்ளை மலைநாட்டு மக்களின் பாடல்களைத் தொகுத்து நூலாக்கியது நமக்குப் பெருங்கொடை. ஆனால் அடி விழும் ஓசை அச்சில் ஏறாது. அவ்வேலையைத்தான் இந்தப் பையன் கைத்தொலைபேசியால் செய்யத் தொடங்கியிருக்கிறான்.

ஆகவே அவன் எடிட்டை முழுதாகக் கேட்டுக் கருத்துச் சொல்லும் கடமை எனக்கிருந்தது. மறுநாள் கேட்டேன். குறை இருந்தது, மறைக்காமல் சொன்னேன். காமன் கூத்தில் தப்பு ஒரே கதியில் நிற்பதில்லை. ஆடுபவன் வேகங்கொள்ளத் தாளமும் முந்தும், அவன் தளர அதுவும் தாழும். பையனோ நிமிடத்துக்கு 120 அடி என்ற இயந்திரக் கணக்குக்குள் தாத்தாவின் ஒவ்வோர் அடியையும் நறுக்கிப் பொருத்தியிருந்தான். ஓசை தாத்தாவுடையது, மூச்சு கணினியுடையது. பழைய டிஸ்கோ தட்டுக்களில் மேளக்காரனின் கை சற்றே முந்தும், பிந்தும்; நாடாவை வெட்டி ஒட்டிய காலத்தில் அந்த அசைவு அழியாமல் தங்கியது. இன்றைய எடிட்டுக்களில் பெரும்பாலானவை சலிப்பூட்டுவதற்குக் காரணம் அசைவெல்லாம் சமப்படுத்தப்படுவதே என்பது என் துணிபு.

இன்னொரு குறையையும் சொன்னேன். கோப்பின் பெயராக அவன் தன் புனைபெயரை மட்டும் இட்டிருந்தான். தப்படித்தவர் யார், எந்தத் தோட்டம், எந்த ஆண்டு, ஒன்றுமில்லை.

பெயர் சிறிய விடயமன்று. சரண்ஜித் சிங் என்பவர் பம்பாய்த் திரையிசைக் குழுக்களில் நெடுங்காலம் வாசித்த தொழிலாளி. 1982இல், பைரவ், மால்கௌன்ஸ் முதலிய பத்து இந்துஸ்தானி இராகங்களை மின்னணுக் கருவிகளில் டிஸ்கோ தாளத்தோடு வாசித்து ஓர் இசைத்தட்டு வெளியிட்டார். அது விலைபோகவில்லை. நெதர்லாந்து நாட்டுச் சேகரிப்பாளரொருவர் அதைத் தேடிப்பிடித்து 2010இல் மறுபதிப்பிட்டதும், சிக்காகோவின் ‘அசிட் ஹவுஸ்’ இசைக்கு ஐந்தாண்டு முந்தியது என்று மேனாடு வியந்தது. 2015இல் அவர் மறைவதற்குள் உரிய பெயர் அவரை வந்தடைந்தது என்பது ஆறுதல். எனினும் அந்த வியப்பில் ‘தற்செயலாக நேர்ந்தது’ என்ற தொனி கலந்திருந்ததைக் கவனித்தேன். பல்லாண்டு கருவியோடு உழன்றவனின் கைத்திறனைத் தற்செயல் என்பது கூலியைக் குறைக்கும் கங்காணிப் பேச்சு.

இளம்பருவத்தின் ஒரு பகுதியை யாழ்ப்பாணத்தில் கழித்து இலண்டன் சென்ற மாயா அருள்பிரகாசத்தின் ‘கலா’ (2007) என்ற இசைத்தொகுப்பில், ‘டிஸ்கோ டான்சர்’ (1982) படத்துக்குப் பப்பி லஹிரி இசையமைத்து பார்வதி கான் பாடிய பாட்டொன்று மறுபிறவி எடுக்கிறது. அதைக் கேட்டு ஆடிய மேனாட்டு இரசிகர்களில் பார்வதி கானைத் தெரிந்தவர் எத்தனை பேர்? அத்தொகுப்புக்காகச் சென்னையில் உறுமி அடித்தவர்களை? மாயாவை நான் குற்றஞ்சாட்டவில்லை. அகதியாய்ப் போனவள் தன் சிறுபிராயத்துப் பாட்டைச் சுமந்துபோகத்தான் செய்வாள். பகிர்பவன் பெயரையும் சேர்த்துப் பகிரவேண்டும் என்கிறேன், அவ்வளவே.

மாணவன் முகம் வாடிப் போனான். அவன் திரும்பமாட்டான் என்றே எண்ணினேன். ஆறு வாரம் கழித்து இன்னொரு கோப்பை அனுப்பினான். தாத்தாவின் பெயர், தோட்டத்தின் பெயர், டிவிசன், மாசி மாதம், ஆண்டு எல்லாம் தலைப்பில் இருந்தன. தன் புனைபெயரைக் கடைசியில் சிறிதாக வைத்திருந்தான். இம்முறை இயந்திரத் தாளம் தப்பின் பின்னால் ஓடுகிறது. சில இடங்களில் எட்டமுடியாமல் தடுமாறுகிறது, இரண்டு இடங்களில் கேட்கவே கூசுகிறது. ஆனால் தொடக்கத்தில் ஒரு நிமிடம் தாளமே கிடையாது. தப்பைக் காய்ச்ச மூட்டிய வைக்கோல் வெடிக்கும் ஓசையும், ‘இன்னும் கொஞ்சம் காயட்டும்டா’ என்ற கிழவரின் குரலும் மட்டுமே.