டிப்ஸ்: விரும்பிக் கொடுப்பதும் கொடுக்க வைப்பதும்

ஒரு சேவைக்கு உரிய விலையைச் செலுத்திய பிறகு, அதைச் செய்தவருக்கு நாம் விரும்பிக் கொடுக்கும் சிறு தொகைக்கு டிப்ஸ் என்று பெயர். முந்தைய தலைமுறையினர் இதை இனாம் என்றனர். ‘டீ செலவுக்கு வைத்துக்கொள்ளுங்கள்’ என்று சொல்லிக் கொடுப்பவர்கள் இன்றும் உண்டு. ஓட்டலில் பில்லும் மீதிச் சில்லறையும் சோம்புடன் ஒரு சிறு தட்டில் வரும். அதில் பத்தோ இருபதோ விட்டுவிட்டு எழுந்து வருவோம். இதில் யாருக்கும் பெரிய மனத்தாங்கல் இருந்ததில்லை.

இன்று நிலைமை அப்படி இல்லை. சமையல் எரிவாயு சிலிண்டரைக் கொண்டு வருபவர் பில் தொகைக்கு மேல் கேட்கிறார். பெரிய உணவகங்களில் நம்மைக் கேட்காமலே பில்லில் சேவைக் கட்டணம் ஏறிவிடுகிறது. வாடகை வண்டிச் செயலியோ, வண்டி வருவதற்கு முன்பே கூடுதல் தொகை தருகிறீர்களா என்று கேட்கிறது. கொடுத்தவருக்கும் எரிச்சல், வாங்கியவருக்கும் நிறைவு இல்லை.

மக்களுக்குத் தாராள மனம் குறைந்துவிட்டது என்று சிலர் இதற்கு விளக்கம் சொல்கிறார்கள். தொழிலாளிக்குப் பேராசை வந்துவிட்டது என்று வேறு சிலர் சொல்கிறார்கள். இரண்டும் மேலோட்டமானவை. கூலியாகக் கொடுக்க வேண்டிய பணத்தை அன்பளிப்பாக மாற்றி, அந்தச் சுமையை வாடிக்கையாளர் தலையில் இறக்கி வைப்பதே இந்த எரிச்சலின் வேர் என்பது இக்கட்டுரையின் வாதம்.

ஒரு கேள்வி போதும்

டிப்ஸ் என்ற ஒரே பெயரில் மூன்று வேறு வேறு பணங்கள் கைமாறுகின்றன. அவற்றைப் பிரித்தறிய ஒரு கேள்வி போதும்: ‘கொடுக்காவிட்டால் என்ன ஆகும்?’

ஒன்றும் ஆகாது என்றால் அது உண்மையான டிப்ஸ். பில்லைக் கட்டியதாகவே ஆகாது என்றால் அது கட்டணம்; அதை விலைப்பட்டியலில் முன்னரே சொல்லியிருக்க வேண்டும். நமக்கு உரிய சேவையே கிடைக்காது என்றால் அது கையூட்டு. மருத்துவமனையில் சக்கர நாற்காலியைத் தள்ளுவதற்கும், பிறந்த குழந்தையைக் கொண்டுவந்து காட்டுவதற்கும் கேட்கப்படும் பணத்தை ‘சந்தோஷமாகக் கொடுங்கள்’ என்ற சொல்லால் மூடிவிட முடியாது. கேட்பவர் அரசு ஊழியராக இருந்தால், அது 1988ஆம் ஆண்டின் ஊழல் தடுப்புச் சட்டத்தின்கீழ் வரும் குற்றம்.

மாணவர்கள் இன்னொரு வேறுபாட்டையும் அறிந்திருப்பது நல்லது. சட்டத்தின்படி பணிக்காலம் முடிந்து செல்லும் தொழிலாளிக்கு நிறுவனம் தரும் தொகை பணிக்கொடை. அது அவருடைய உரிமை. டிப்ஸ் அப்படிப்பட்டதன்று. ஐ.டி.சி. நிறுவனம் தொடர்பான வருமான வரி வழக்கில் 2016இல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவுபடுத்தியது. டிப்ஸ் வாடிக்கையாளரிடமிருந்து வருவது. அதைக் கோரும் உரிமை ஊழியருக்கு முதலாளியிடம் இல்லை. ஆகவே அது சம்பளம் ஆகாது என்பது அத்தீர்ப்பின் சாரம். சட்டத்தின் பார்வையில் சம்பளம் ஆகாத ஒன்றைச் சம்பளத்தின் இடத்தில் வைக்கும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது.

சிலிண்டர் கொண்டு வருபவரும் நாமும்

தமிழ்நாட்டில் இந்தச் சிக்கலை ஏறக்குறைய எல்லா வீடுகளும் அறியும். வீட்டுக்குக் கொண்டுவந்து கொடுப்பதற்கான கட்டணம் சிலிண்டரின் விலைக்குள்ளேயே அடங்கியிருக்கிறது. கிடங்குக்கு நேரில் போய் எடுத்துக்கொள்பவருக்கு அந்த விலையில் ஒரு தொகையைக் கழித்துக் கொடுக்க வேண்டும் என்ற விதி இருப்பதே இதற்குச் சான்று. அப்படியானால் வாசலில் கேட்கப்படும் கூடுதல் பணம், ஏற்கெனவே கொடுத்த கூலிக்கு மீண்டும் ஒரு கூலி.

இங்கே பலரும் கோபத்தைக் கொண்டுவந்தவர் மீது காட்டுகிறார்கள். எரிவாயு 14.2 கிலோ, இரும்பு உருளை ஏறத்தாழ அதே எடை. ஆக முப்பது கிலோ. அதைத் தோளில் வைத்துக்கொண்டு மாடிப்படி ஏறி வருபவர் அவர். என்னிடம் படித்த ஒருவர் சில ஆண்டுகள் இந்த வேலையைச் செய்தார். ‘சார், வேலைக்குச் சேரும்போதே, வீட்டுக்கு வீடு ஏதாவது கிடைக்கும்ல, அதை வெச்சுப் பார்த்துக்கன்னுதான் சம்பளம் பேசினாங்க’ என்றார். சம்பளம் பேசப்பட்ட அந்த அறையில் வாடிக்கையாளர் இல்லை. ஆனால் அவருடைய பணம் அங்கே கணக்கில் எடுத்துக்கொள்ளப்பட்டுவிட்டது.

ஐம்பது ரூபாய்க்காக வாசலில் நடக்கும் வாக்குவாதத்தில் இரண்டு பேர் இருக்கிறார்கள்: மாதக் கடைசியில் கணக்குப் பார்த்துச் செலவு செய்பவர் ஒருவர், கூலி குறைந்தவர் ஒருவர். வாக்குவாதத்துக்குக் காரணமான மூன்றாமவர் அங்கே இல்லை. மற்ற இடங்களிலும் இதே அமைப்பைத்தான் காண்கிறோம்.

உணவகப் பில்லில் சேவைக் கட்டணம்

சேவைக் கட்டணம் என்ற பெயரே பலரைக் குழப்புகிறது. முன்பு சேவை வரி என்று ஒன்று இருந்தது. அது அரசுக்குப் போனது; 2017 ஜூலை 1 அன்று ஜி.எஸ்.டி. வந்தபோது அதில் கரைந்துவிட்டது. இன்று பில்லில் காணப்படும் சேவைக் கட்டணம் உணவகம் தானாக விதிப்பது. அரசுக்கும் அதற்கும் தொடர்பில்லை. பெயர் ஒன்றுபோல் இருப்பதால், வரி என்று நினைத்துக் கட்டிவிட்டு வருபவர்கள் பலர்.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். சாப்பாடு 1,000 ரூபாய். ஐந்து விழுக்காடு ஜி.எஸ்.டி. சேர்த்தால் 1,050. பத்து விழுக்காடு சேவைக் கட்டணத்தை முதலில் சேர்த்தால் 1,100, அதன்மீது ஜி.எஸ்.டி. 55, மொத்தம் 1,155. நாம் கொடுக்கச் சம்மதிக்காத அன்பளிப்புக்கு வரியும் கட்டுகிறோம்.

மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலை 4 அன்று இதற்கு வழிகாட்டு நெறிமுறைகளை வெளியிட்டது. சேவைக் கட்டணத்தைப் பில்லில் தானாகச் சேர்க்கக்கூடாது. வேறு பெயரிலும் வசூலிக்கக்கூடாது. அது வாடிக்கையாளரின் விருப்பம் என்பதைத் தெரிவிக்க வேண்டும். கொடுக்க மறுப்பவரை உள்ளே விடாமல் தடுக்கக்கூடாது. அதை உணவுத் தொகையோடு கூட்டி மொத்தத்துக்கும் ஜி.எஸ்.டி. வசூலிக்கக்கூடாது என்பன அவை. உணவகச் சங்கங்கள் வழக்குத் தொடுத்தன. தில்லி உயர் நீதிமன்றம் முதலில் நெறிமுறைகளை நிறுத்திவைத்தாலும், 2025 மார்ச் 28 அன்று அவை செல்லும் என்று தீர்ப்பளித்தது. வழக்குத் தொடுத்த இரு சங்கங்களுக்கும் தலா ஒரு லட்சம் ரூபாய் செலவுத் தொகையும் விதித்தது. அத்தீர்ப்பை எதிர்த்துச் சங்கங்கள் மேல்முறையீட்டுக்குச் சென்றன.

இந்தப் பணம் ஊழியர்களுக்கே பகிர்ந்தளிக்கப்படுகிறது என்பது உரிமையாளர் தரப்பு வாதம். அது உண்மையாகவே இருக்கட்டும். ஊழியருக்குக் கொடுப்பது உரிமையாளரின் கடமைதானே? அதற்காக உணவின் விலையை உயர்த்தினால் யாரும் தடுக்கப் போவதில்லை. விலைப்பட்டியலில் 1,000 என்று காட்டி வாடிக்கையாளரை உள்ளே அழைத்துவிட்டு, எழுந்து போகும் நேரத்தில் 1,100 என்று சொல்வதுதான் தவறு. மேலும், அந்த நூறு ரூபாய் பரிமாறியவரிடம் போய்ச் சேர்ந்ததா என்பதை அறிய வாடிக்கையாளருக்கு வழியே இல்லை.

வண்டி வரும் முன்பே டிப்ஸ்

வாடகை வண்டிச் செயலிகளில் வந்திருக்கும் முறை இன்னும் விசித்திரமானது. கூடுதல் தொகை தர ஒப்புக்கொண்டால் வண்டி விரைவாகக் கிடைக்கலாம் என்று செயலி காட்டுகிறது. 2025 மே மாதம் இது தொடர்பாக ஊபர் நிறுவனத்துக்கு மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் நோட்டீஸ் அனுப்பியது.

நடந்த சேவைக்கு நன்றியாகக் கொடுப்பது டிப்ஸ். இன்னும் நடக்காத சேவைக்கு நன்றி எப்படிச் சொல்வது? மழை நாளில் முதியவர் ஒருவரும் வசதியுள்ள இளைஞர் ஒருவரும் ஒரே தெருவில் நின்றால், ஐம்பது ரூபாய் கூடுதலாகத் தருபவர் பக்கம் வண்டி போகும். இது ஏலம். ஏலத்துக்கு டிப்ஸ் என்று பெயர் வைத்தால் அது நாகரிகமாகிவிடாது. ஓட்டுநருக்குக் கட்டணம் போதவில்லை என்றால், நிறுவனம் கட்டணத்தைத் திருத்தலாம். தன் பங்கைக் குறைத்துக்கொள்ளலாம்.

அமெரிக்கா காட்டும் பாடம்

இந்தப் பாதை எங்கே போய் முடியும் என்பதைப் பார்க்க அமெரிக்கா இருக்கிறது. உள்நாட்டுப் போருக்குப் பிறகு, அடிமை நிலையிலிருந்து விடுபட்ட கறுப்பின மக்களைப் புல்மன் நிறுவனம் தூங்கும் வசதியுள்ள ரயில் பெட்டிகளில் பணியாளர்களாக அமர்த்தியது. சம்பளம் குறைவு, பயணிகள் தரும் டிப்ஸை நம்பியே அவர்கள் வாழ வேண்டியிருந்தது. 1925இல் ஏ. பிலிப் ராண்டால்ஃப் தலைமையில் அவர்கள் சங்கம் அமைத்தார்கள். நிறுவனத்துடன் ஒப்பந்தம் ஏற்பட 1937 வரை போராட வேண்டியிருந்தது.

அமெரிக்கர்களுக்கே இப்பழக்கம் அன்று பிடிக்கவில்லை. 1909 முதல் 1915 வரை ஆறு மாநிலங்கள் டிப்ஸுக்கு எதிராகச் சட்டம் இயற்றின. 1926க்குள் அனைத்தும் நீக்கப்பட்டுவிட்டன. 1966இல், ஊழியர் பெறும் டிப்ஸைக் குறைந்தபட்ச ஊதியத்தின் ஒரு பகுதியாக முதலாளி கணக்குக் காட்டலாம் என்று சட்டமே வழிவிட்டது. கூட்டாட்சிச் சட்டப்படி குறைந்தபட்ச ஊதியம் மணிக்கு 7.25 டாலர். டிப்ஸ் பெறும் ஊழியருக்கு முதலாளி நேரடியாகத் தர வேண்டியது 2.13 டாலர் மட்டுமே. இரண்டும் சேர்ந்து 7.25ஐ எட்டாவிட்டால் குறையை முதலாளி ஈடுகட்ட வேண்டும். இந்த 2.13 என்ற தொகை 1991 முதல் மாறவில்லை. கலிஃபோர்னியா, வாஷிங்டன் உள்ளிட்ட ஏழு மாநிலங்கள் இம்முறையை ஏற்காமல் முழு ஊதியத்தையும் முதலாளியே தரச் செய்கின்றன.

விளைவு என்ன? அங்கே உணவகத்தில் பதினைந்து, இருபது விழுக்காடு வைக்காமல் எழுந்து வருவது அநாகரிகம். நின்றபடி ஒரு காப்பி வாங்கினாலும் கல்லாவில் உள்ள திரை 18, 20, 25 என்று காட்டிக் காத்திருக்கிறது. ஐந்து ஆண்டுகளுக்கு முன்பு இருந்ததைவிட அதிக இடங்களில் டிப்ஸ் எதிர்பார்க்கப்படுகிறது என்று 72 விழுக்காட்டினர் சொன்னதாகப் பியூ ஆய்வு மையம் 2023இல் தெரிவித்தது. விருப்பமாகத் தொடங்கியது வழக்கமாகி, வழக்கம் கடமையாகி, கடமை சட்டத்திலும் இடம்பிடித்துவிட்டால் திரும்பி வருவது கடினம்.

இரண்டு மறுப்புகள்

டிப்ஸ் இருந்தால்தான் ஊழியர் நன்றாகக் கவனிப்பார் என்பது முதல் மறுப்பு. கார்னெல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மைக்கேல் லின் இதுபற்றிப் பல ஆண்டுகள் ஆராய்ந்தவர். சேவையின் தரத்துக்கும் டிப்ஸின் அளவுக்கும் உள்ள தொடர்பு மிகவும் வலுவற்றது என்பது அவர் கண்டது. டிப்ஸ் வழக்கமில்லாத ஜப்பானில் விருந்தோம்பலுக்குக் குறைவில்லை. நல்ல சமையல், சுத்தமான மேசை, போதிய ஆட்கள் ஆகியவை பரிமாறுபவர் கையில் இல்லை. அவற்றின் குறைக்கு அவருடைய வருமானத்தை வெட்டுவது நியாயமும் ஆகாது.

டிப்ஸை நிறுத்தினால் ஏழைத் தொழிலாளிதான் அடிபடுவார் என்பது இரண்டாவது மறுப்பு. இது உண்மை, இதை எளிதாகத் தள்ளிவிட முடியாது. நியூயார்க்கில் டேனி மேயர் என்ற உணவக உரிமையாளர் 2015இல் டிப்ஸை ஒழித்து, ஊதியத்தை விலைக்குள் கொண்டுவரத் தொடங்கினார். 2020இல் அம்முயற்சியைக் கைவிட்டார். ஒரு நல்ல முதலாளி தனியாக மாற்றிவிடக்கூடிய ஏற்பாடாக இது இல்லை. ஒரு வாடிக்கையாளர் தனியாகப் பையை மூடிக்கொள்வதாலும் இது மாறாது. எல்லாருக்கும் பொதுவான விதி வேண்டும். பிரிட்டனில் 2024 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்த சட்டத்தின்படி, வாடிக்கையாளர் தரும் டிப்ஸ் முழுவதையும் பிடித்தமின்றி ஊழியர்களுக்கே நியாயமாகப் பகிர்ந்து கொடுக்க வேண்டும். நமக்கும் அப்படியொரு சட்டம் தேவை. அதனோடு, குறைந்தபட்ச ஊதியம் ஏட்டில் இருப்பதுபோலக் கையிலும் கிடைக்கிறதா என்ற கண்காணிப்பும் தேவை.

நாம் செய்யக்கூடியவை

சட்டம் வரும்வரை வாடிக்கையாளர் சில நெறிகளைக் கடைப்பிடிக்கலாம்.

பில்லைக் கேட்டு வாங்கிப் படிக்க வேண்டும். சேவைக் கட்டணம் இருந்தால், அதை நீக்கித் தருமாறு அமைதியாகக் கேட்கலாம். மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் செய்யலாம். சிலிண்டருக்குக் கூடுதல் பணம் கட்டாயம் என்று சொன்னால், புகார் ஏஜென்சியின் மீதும் எண்ணெய் நிறுவனத்திடமும் செல்லட்டும். கொண்டுவந்தவரைத் தெருவில் நிறுத்தித் திட்ட வேண்டாம்.

கொடுக்க விரும்பினால் உரியவர் கையில் நேரடியாகக் கொடுப்பது நல்லது. பரிமாறுபவரை மட்டும் நினைக்காமல், மேசை துடைப்பவரையும் கழிப்பறையைச் சுத்தம் செய்பவரையும் நினைக்கலாம். அதைவிட முக்கியம், டிப்ஸை அதிகாரமாகப் பயன்படுத்தாமல் இருப்பது. நட்சத்திர ஓட்டலில் நூறு ரூபாயை அலட்சியமாக வைத்துவிட்டு, வெளியே ஆட்டோக்காரரிடம் பத்து ரூபாய்க்கு மல்லுக்கட்டுபவர்களும் நம்மிடையே இருக்கிறார்கள். வரிசையை முந்திச் செல்ல இருபது ரூபாய் நீட்டுபவர்களும் இருக்கிறார்கள். கையூட்டைப் பற்றிக் குறை சொல்ல அவர்களுக்கு உரிமை இல்லை.

கொடுப்பவரும் வாங்குபவரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரிக்க முடிந்தால் அது டிப்ஸ். அந்தச் சிரிப்பு மீண்டும் வர வேண்டுமானால், வாங்குபவரின் வீட்டு அடுப்பு அந்தப் பத்து ரூபாயை நம்பி இருக்கக்கூடாது. முழுக் கூலியை முதலாளி தரட்டும். முழு விலையையும் முன்பே சொல்லட்டும். அதன் பிறகு தட்டில் எவ்வளவு விடுவது என்பதை நாம் பார்த்துக்கொள்ளலாம்.