‘எங்கள் ஊர்’, ‘நம் ஊர்’: அயலக வாழ்வின் நினைவும் தன்மைப் பன்மையும்

1. முன்னுரை

பொருள் தேடிக் கடல் கடந்தவர்க்கு அயல்நாட்டில் ஒரு மரமோ தெருவோ சமையல் மணமோ சொந்த ஊரை நினைவூட்டுதல் தமிழ்ப் புனைகதையில் பயின்றுவரும் செய்தியாகும். திறனாய்வாளர் இதனைப் பெரும்பாலும் ஏக்கம் என்னும் உணர்வுநிலையாகவே விளக்குவர். அந்நினைவு மொழியில் எவ்வாறு அமைகிறது, அது யாரை நோக்கிக் கூறப்படுகிறது என்னும் வினாக்களும் எழுப்பப்பட வேண்டியவையே. ‘எங்கள் ஊர்’, ‘நம் ஊர்’ என்னும் இரு தொடர்களைக் கொண்டு இவ்வினாக்களை அணுகி, ப. சிங்காரத்தின் இரு புதினங்களை அவ்வகையில் நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2. இலக்கண அடிப்படை

தமிழில் தன்மைப் பன்மை இருவகைப்படும். கேட்போரை உட்கொள்வது ‘நாம்’. கேட்போரை விலக்கி நிற்பது ‘நாங்கள்’. பழந்தமிழில் நாம், யாம் என நின்ற வேறுபாடே இது. தெலுங்கில் மனமு, மேமு எனவும், மலையாளத்தில் நம்மள், ஞங்ஙள் எனவும் இவ்வேறுபாடு வழங்குகிறது. இக்காலக் கன்னடத்தில் ‘நாவு’ என்னும் ஒரு வடிவமே இரண்டிற்கும் பொதுவாகும். திராவிட மொழிக்குடும்பத்தைச் சாராத மலாய் மொழியும் கீத்தா, காமி என இவ்வேறுபாட்டைப் பேணுகிறது. எனினும் சந்தை மலாயில் அது நெகிழ்வதுண்டு.

ஆகவே அயல்நாட்டில் ஒன்றைக் கண்டு ‘நம் ஊர் போல’ என்பவர் ஒப்புமை மட்டும் கூறுவதில்லை. கேட்பவரும் அவ்வூரினர் என்பதையும் அவர் உடன் உணர்த்துகிறார். அதே காட்சியை அயலார்க்குச் சுட்டும்போது அவர் ‘எங்கள் ஊர் போல’ என்பார். இரண்டிலும் கண்ட பொருள் ஒன்றே, கேட்பவரே வேறாவர்.

3. பாகாலா என்னும் சான்று

இத்தொடர்களின் எல்லையை அறிய இருமொழி நிலப்பகுதி பெரிதும் துணைபுரியும். காட்பாடி, திருப்பதி, தர்மாவரம் ஆகிய மூன்று திசைகளுக்கும் இருப்புப்பாதை பிரியும் பாகாலா அத்தகைய பகுதியைச் சார்ந்ததாகும். வட ஆர்க்காட்டின் பகுதிகளைக் கொண்டு 1911இல் உருவான சித்தூர் மாவட்டத்தில் இருந்த இவ்வூர், 2022 முதல் திருப்பதி மாவட்டத்தில் உள்ளது. 1953இல் ஆந்திர மாநிலம் அமைந்தபின், 1960இல் எல்லை திருத்தப்பட்டுத் திருத்தணி சென்னை மாநிலத்துடன் இணைந்தது. பாகாலா ஆந்திரத்திலேயே நின்றது.

இப்பகுதியினரான தமிழர் ஒருவர் வளைகுடா நாடொன்றில் வேலை செய்வதாகக் கொள்வோம். அங்குத் தம் ஊர்ப்பகுதியைச் சேர்ந்த தெலுங்கரிடம் அவர் ‘மன ஊரு’ என்பார்; தஞ்சையிலிருந்து வந்த தமிழரிடம் ‘எங்கள் ஊர்’ என்பார். முன்னவரோடு ஊர் பொது, தாய்மொழி வேறு. பின்னவரோடு தாய்மொழி பொது, ஊர் வேறு. இலக்கணம் அனுமதிக்கும் இவ்விரு கூற்றுகளிலிருந்து, ‘நம்’ என்பதன் எல்லை மொழியெல்லையோடு எப்போதும் பொருந்துவதில்லை என்பது தெளிவாகும். தொலைவு மிகும்போது ‘ஊர்’ என்னும் சொல்லின் பொருளும் விரிகிறது. காட்பாடியில் பாகாலாவைக் குறிக்கும் அச்சொல், கடலுக்கு அப்பால் ஒரு மாவட்டத்தையோ நாடு முழுவதையுமோ குறிக்கலாம். அவ்விரிவில் யார் உள்ளே வருகின்றனர், யார் வெளியே நிற்கின்றனர் என்பதைத் தன்மைப் பன்மையே காட்டிவிடுகிறது.

4. சிங்காரத்தின் புதினங்கள்

சிங்கம்புணரியில் 1920இல் பிறந்த சிங்காரம், 1938இல் வேலைக்காகச் சுமத்திராவின் மேடான் நகருக்குச் சென்று, 1946இல் தாயகம் திரும்பியவர். ‘கடலுக்கு அப்பால்’ 1959இலும், ‘புயலிலே ஒரு தோணி’ 1972இலும் வெளிவந்தன. பின்னதன் தலைமகன் பாண்டியன் போர்க்கால மேடானில் இருந்துகொண்டு சின்னமங்கலத்தையும் மதுரையையும் நினைக்கும் பகுதிகள் பெரும்பாலும் நனவோடை உத்தியாகவே பாராட்டப்படுகின்றன. அம்மதிப்பீடு தவறன்று, ஆயினும் முழுமையானதன்று.

அந்நினைவுகளில் இடப்பெயர்கள் விளக்கமின்றி வருகின்றன. ஆடி, சித்திரை, ஆவணி மூலம், மாசி எனக் கோயிலைச் சுற்றி ஒன்றன்புறம் ஒன்றாய் விரியும் மதுரை வீதிகளின் அமைப்பை அறிந்தவர்க்கு வீதிப்பெயரே வழிகாட்டும். அறியாதவர்க்கு அது வெறும் பெயராகவே நிற்கும். கேட்போர் எவருமில்லாத நினைவோட்டத்தில் ஆசிரியர் விளக்கம் தர மறுப்பதன்வழி, படிப்பவரை ஊராராக்கிக்கொள்கிறார். ‘நம்’ என்னும் சொல் செய்யும் பணியை இங்கு விளக்கமின்மையே செய்கிறது எனலாம்.

மேலாள், அடுத்தாள், பெட்டியடிப் பையன், கிட்டங்கி முதலிய கடைத்தொழிற் சொற்களும் அத்தகையனவே. பினாங்குச் செட்டித்தெருவில் வேலை செய்பவனுக்கு ஊர் என்பது தொலைவிலுள்ள நினைவு மட்டுமன்று. அவன் நாள்தோறும் பணிபுரியும் சொல்லமைப்பும் அதுவே. எனினும் சிங்காரம் இந்த ‘நம்’மை ஐயமின்றி ஏற்பவர் அல்லர். பினாங்கில் தமிழர் சிலர் கூடி இனப்பெருமை பேசும் பகுதியில் அவரது எள்ளல் வெளிப்படை. ஊரளவில் இயல்பாக நின்ற உளப்பாடு, இனப்பெருமையாக விரியும்போது அவர் அதனைக் கேள்விக்குள்ளாக்குகிறார். ஏக்கம் என்னும் ஒற்றைச் சொல் இவ்விரு நிலைகளையும் வேறுபடுத்திக் காட்டாது.

5. மொழிபெயர்ப்புச் சிக்கல்

இப்பகுதிகளைத் தெலுங்கில் பெயர்ப்பவர்க்கு ஊரு, மன, மா என நிகரான வடிவங்கள் ஆயத்தமாக உள்ளன. ஆங்கிலத்தில் பெயர்ப்பவர்க்கு ‘அவர்’ என்னும் ஒரே சொல்லே உண்டு. கன்னடத்திலும் நிலை இதுவே. ‘ஊர்’ என்பதற்குக் கிராமம், நகரம், வீடு, சொந்த நாடு எனப் பொருள்படும் ஆங்கிலச் சொற்களுள் ஒன்றைத் தேர்ந்தால் அச்சொல்லின் விரிவு குறுகும். இடப்பெயர்கள் ஒவ்வொன்றிற்கும் அடிக்குறிப்பு இட்டாலோ, மூலம் ஊராராக ஏற்றவரை மொழிபெயர்ப்பு விருந்தினராக்கிவிடும்.

இவ்விழப்பைப் பிற இடங்களில் ஈடுசெய்யலாம். உரையாடலில் ஊரார்க்கும் அயலார்க்கும் பேசுமுறையை வேறுபடுத்துதல், தொழிற்சொற்களை மூலவடிவிலேயே நிறுத்திச் சூழலால் பொருள் விளங்கவைத்தல், விளக்கங்களை முன்னுரையில் தொகுத்தல் ஆகியன பயன்தரும்.

6. முடிவுரை

அயலகத்தில் சொந்த ஊர் நினைவுக்கு வருதல் கண்ட பொருளின் ஒப்புமையால் மட்டும் நிகழ்வதன்று. அதைப் பகிர்ந்துகொள்ளத்தக்கவர் யார் என்னும் தேர்வும் அதில் அடங்கியுள்ளது. தமிழ் இத்தேர்வை இலக்கணக் கட்டாயமாகவே கொண்டுள்ளது. புலம்பெயர் இலக்கியத்தை ஆய்வோரும் பெயர்ப்போரும், எழுதியவர் எந்த ஊரை நினைக்கிறார் என்பதோடு, யாரை அவ்வூராராகக் கொள்கிறார் என்பதையும் ஆராய்தல் வேண்டும்.