திரும்பிப் பார்க்காத குட்டி

'தி எலிஃபண்ட் விஸ்பரர்ஸ்' படத்தில் எங்கே அழுதீர்கள் என்று கேட்டால், பார்த்தவர்களில் முக்கால்வாசிப் பேர் ஒரே இடத்தைத்தான் சொல்வார்கள். பொம்மனிடமிருந்தும் பெள்ளியிடமிருந்தும் ரகுவைப் பிரித்துக் கூட்டிக்கொண்டு போகும் இடம். தாயை மின்சாரத்துக்குப் பறிகொடுத்துவிட்டு உடம்பெல்லாம் காயத்தோடு வந்த குட்டி. பிழைக்காது என்று எல்லோரும் நினைத்ததைப் பாலூட்டி, குளிப்பாட்டி, ஆளாக்கிவிட்டார்கள். வளர்ந்ததும் வனத்துறை வந்து வாங்கிக்கொள்கிறது. எனக்கும் தொண்டை அடைத்தது, மறுக்கவில்லை.

படம் முடிந்து கொஞ்ச நேரம் கழித்துத்தான் ஒரு கேள்வி வந்தது. ரகு எங்கே போனான்? காட்டுக்குப் போகவில்லை. முகாமிலேயே வேறு பாகன்களின் பொறுப்புக்குப் போனான். ஒரு காட்டு விலங்கைப் பற்றிய படத்தின் உச்சகட்டத் துயரம் ஒரு டிரான்ஸ்ஃபர் ஆர்டர். முதுமலைக் காடு அந்தப் படத்தின் ஏறக்குறைய எல்லாச் சட்டகத்திலும் இருக்கிறது. மழை, ஆறு, மரக்கிளையில் குரங்குகள், பாறையில் வழியும் தேன். ஆனால் அந்தக் காடு ரகு போய்ச் சேரவேண்டிய இடமாக ஒரு முறைகூட வருவதில்லை. 41 நிமிஷத்தில் யாரும் அதைக் கேட்கவும் இல்லை. இந்தப் படத்தோடு எனக்கு இருக்கும் சண்டை இதுதான்.

சண்டைக்கு முன்னால் அதன் பலத்தையும் சொல்லிவிட வேண்டும். கார்த்திகி கொன்சால்வெஸ் பொம்மனையும் பெள்ளியையும் அவர்கள் மொழியிலேயே பேசவிட்டிருக்கிறார். மேலே ஏறி உட்கார்ந்துகொண்டு விளக்கம் சொல்லும் பிபிசி பாணிக் குரல் கிடையாது. மகளை இழந்த பெள்ளி அந்த இழப்பையும் குட்டியையும் ஒரே மூச்சில் பேசும்போது, பாசம் என்ற வார்த்தையை வைத்து நாம் பண்ணும் இலக்கியமெல்லாம் கொஞ்சம் வெட்கப்பட்டுப் போகிறது. காட்டுநாயக்கர் சமூகத்துப் பெண் ஒருவரின் உழைப்பை உலகம் உட்கார்ந்து பார்த்தது பெரிய விஷயம். 2023 மார்ச்சில் ஆஸ்கர். அதே வருஷம் ஆகஸ்டில், தற்காலிகப் பணியாளராக இருந்த பெள்ளிக்கு, பாகனின் உதவியாளரான 'காவடி' வேலைக்கு அரசு ஆணை கொடுத்தது. ஒரு படம் இவ்வளவு செய்தாலே போதும் என்று ஒருவர் சொன்னால் நான் எதிர்த்துப் பேச மாட்டேன்.

ஆனால் விமர்சனம் என்று உட்கார்ந்த பிறகு அது விட்டதையும் பேசத்தான் வேண்டும். பாலிலிருந்து ஆரம்பிக்கலாம்.

படத்தில் பால்புட்டி அழகாக வருகிறது. குட்டி உறிஞ்சுகிறது, நாம் சிரிக்கிறோம். நிஜத்தில் அந்தப் புட்டி ஒரு போர்க்களம். பிறக்கும்போதே நூறு கிலோவை ஒட்டி இருக்கும் யானைக்குட்டி, முதல் இரண்டு வருஷம் பெரும்பாலும் தாய்ப்பாலை நம்பியே வாழ்கிறது. பசும்பாலில் உள்ள கொழுப்பை அதன் குடல் ஏற்காது. வயிற்றுப்போக்கு வந்தால் ஓரிரு நாளில் ஆள் காலி. இரவும் பகலும் சில மணி நேரத்துக்கு ஒரு முறை ஊட்ட வேண்டும். கூட்டத்தில் இருந்திருந்தால் தாய், பெரியம்மா, சித்தி, அக்கா என்று சுற்றிலும் கால்கள் நிற்கும். வெயிலுக்கு அந்த வயிறுகளின் நிழல், குளிருக்கு அந்த உடம்புகளின் சூடு. இது அத்தனையையும் ஒரு மனுஷன் தன் உடம்பால் ஈடு செய்ய வேண்டும்.

ஆஸ்கர் மேடையில் கைதட்டல் கேட்ட அதே மாதம், தருமபுரி மாவட்டத்தில் கூட்டத்தைப் பிரிந்த ஒரு குட்டியைத் தெப்பக்காட்டுக்குக் கொண்டுவந்தார்கள். சில மாதங்களே ஆன குட்டி. பொறுப்பு பொம்மனிடமே வந்தது. உலகமே அவரைப் பேட்டி காண அலைந்த நேரத்தில் அவர் குட்டியோடு இருந்தார். மாதக் கடைசியில் அது செத்துப்போனது. பால் ஒத்துக்கொள்ளாமல் வயிற்றுப்போக்கு. செய்தித்தாள்களில் சின்னதாக வந்தது. ஆஸ்கர் செய்தியைப் பகிர்ந்த எத்தனை பேர் இதைப் பகிர்ந்தோம்? படம் எடுக்க முடியாத பாதி என்று நான் சொல்வது இந்தப் பாதியைத்தான். ரகுவும் அம்முவும் பிழைத்தது எவ்வளவு அபூர்வம் என்பது, பிழைக்காத ஒன்றைப் பக்கத்தில் வைத்தால்தான் தெரியும். அதை வைத்திருந்தால் பெள்ளியின் கைகளுக்குப் படம் கொடுத்த மரியாதை இன்னும் கூடியிருக்கும்.

பாலோடு முடிவதில்லை. கென்யாவின் டாஃப்னி ஷெல்ட்ரிக் தன் வாழ்க்கை வரலாற்றில் எழுதியிருக்கும் ஆயிஷாவின் கதை இந்தத் துறையின் மூலக்கதை மாதிரி. பல வருஷமாகப் பச்சிளம் யானைக்குட்டிகள் அவர் கையில் செத்துக்கொண்டே இருந்தன. எழுபதுகளில் ஒரு வழியாகத் தேங்காய் எண்ணெய் சேர்ந்த ஒரு பால்கலவை ஒத்துக்கொண்டது. நம்ம ஊர் சமையல்கட்டில் கிடக்கும் சாமான்! ஆயிஷா தேறிவிட்டாள். பிறகு மகளின் கல்யாணத்துக்காக டாஃப்னி சில நாள் வெளியே போனார். ஆயிஷா சாப்பிடுவதை நிறுத்தினாள். அவர் திரும்பி வந்த பிறகு, அவர் கையிலேயே செத்தாள்.

பாலுக்கு விடை கண்டுபிடித்த அதே ஆள்தான் குட்டியின் மரணத்துக்கும் காரணம். காரணம் அலட்சியம் இல்லை, அன்பு. இதைத் தன் புத்தகத்தில் எந்தப் பூச்சும் இல்லாமல் எழுதியிருப்பதற்காகவே டாஃப்னியை எனக்குப் பிடிக்கும். இதிலிருந்து அவர் எடுத்த முடிவு, கேட்கும்போது கல்நெஞ்சம் மாதிரி இருக்கும். எந்தக் குட்டியும் ஒரே மனிதரோடு ஒட்டிக்கொள்ளக் கூடாது. நைரோபியில் அவர் ஆரம்பித்த காப்பகத்தில் இன்றைக்கும் பராமரிப்பாளர்கள் குட்டிகளோடு கொட்டிலிலேயே படுக்கிறார்கள். ஆனால் இன்று படுத்த ஆள் நாளைக்கு அதே குட்டியிடம் படுப்பதில்லை. பாசம் உண்டு, முறை வைத்து. பிறகு குட்டிகள் சாவோ காட்டுக்குப் போகின்றன. அங்கே பகலில் மேய்ச்சல், இரவில் தொழுவம், காட்டு யானைகளோடு மெல்ல மெல்லப் பழக்கம். முழுசாகக் காட்டுக்குள் போய்ச் சேரப் பல வருஷம் பிடிக்கும். போனவற்றில் சில, தாயான பிறகு குட்டியைக் கூட்டிக்கொண்டு வந்து காட்டிவிட்டுப் போவதும் உண்டு.

மென்பொருள் வேலையில் ஹேண்ட்ஓவர் என்று ஒன்று இருக்கிறது. ப்ராஜெக்டை அடுத்தவரிடம் ஒப்படைத்துவிட்டு நகர்ந்த பிறகு நமக்கு போனே வரவில்லையென்றால் அது நல்லபடி நடந்திருக்கிறது என்று அர்த்தம். போன் வராத அந்த நாட்களில் லேசாக வலிக்கும், அது வேறு விஷயம். கேமராவுக்கு இந்த வராத போனைப் பிடிக்கத் தெரியாது. அதற்கு வந்த போன்தான் வேண்டும்.

கிறிஸ்டியன் என்ற சிங்கத்தின் வீடியோவை வாட்ஸப்பில் பார்க்காதவர் குறைவு. இரண்டு இளைஞர்கள் 1969இல் லண்டன் ஹாரட்ஸ் கடையில் (ஆமாம், கடையில்தான்) ஒரு சிங்கக்குட்டியை விலைக்கு வாங்குகிறார்கள். பெரிதானதும் கென்யாவுக்குக் கொண்டுபோய் ஜார்ஜ் ஆடம்சனிடம் விடுகிறார்கள். 1971இல் பார்க்கப் போகிறார்கள். சிங்கம் தயங்கித் தயங்கி இறங்கி வருகிறது, அடையாளம் கண்டதும் ஓடிவந்து தோளில் தாவிக் கட்டிக்கொள்கிறது. பின்னணியில் ஒரு உருக்கமான பாட்டு. வீடியோ அங்கே முடிகிறது.

கதை முடியவில்லை. காட்டில் சிங்கம் தனியாகப் பிழைக்காது, கூட்டம் வேண்டும். அதற்காக ஆடம்சன் பாய் என்ற பெரிய ஆண்சிங்கத்தையும் அங்கே வைத்திருந்தார். 'பார்ன் ஃப்ரீ' சினிமாவில் நடித்த சிங்கங்களில் ஒன்று அது. எல்சாவுக்கு விடுதலை கொடுத்த கதையைச் சொன்ன அந்தப் படத்தில் நடித்த சிங்கங்களில் பெரும்பாலானவை ஷூட்டிங் முடிந்து மிருகக்காட்சிசாலைகளுக்குப் போனவை. ஆடம்சனால் மீட்க முடிந்தது சிலவற்றைத்தான். மனிதர்களிடம் பழகிய அந்த பாய் 1971இல் முகாமின் உதவியாளர் ஒருவரைக் கொன்றது. ஆடம்சன் துப்பாக்கியை எடுத்துத் தன் கையாலேயே அதைச் சுட்டார். மனிதனைக் கண்டு பயப்படாத காட்டுவிலங்கு என்பது நமக்கு க்யூட்டான காட்சி. பக்கத்தில் வேலை செய்கிறவருக்கு அது உயிர்ப் பிரச்சினை.

கிறிஸ்டியன் என்ன ஆனான்? கொஞ்சம் கொஞ்சமாக முகாமுக்கு வருவது குறைந்தது. 1973க்குப் பிறகு யாரும் அதைப் பார்க்கவில்லை. அத்தனை பேரின் உழைப்பும் அந்த இல்லாமையில்தான் பலித்தது என்று நான் படிக்கிறேன். செத்தும் போயிருக்கலாம், காட்டில் அதுவும் நடக்கும். ஆனால் அந்தக் கட்டிப்பிடிப்பு மட்டுமே நமக்குச் சுற்றில் வந்துகொண்டிருக்கிறது. அது வேலை பாதியில் இருந்ததற்கான சாட்சி. அதைத்தான் நாம் வெற்றி என்று நினைத்து ஃபார்வர்ட் பண்ணிக்கொண்டிருக்கிறோம்.

மறுபடி தெப்பக்காட்டுக்கு வருவோம். ரகுவைக் காட்டுக்கு அனுப்பியே தீர வேண்டும் என்று நான் சட்டம் பேசவில்லை. தமிழ்நாட்டில் வனத்துறை முதலில் குட்டியைக் கூட்டத்தோடு சேர்க்கத்தான் பார்க்கிறது. 2023 டிசம்பர் கடைசியில் ஆனைமலைப் பகுதியில் அப்படிச் சேர்த்துவைத்த ஒரு குட்டி தாயை ஒட்டிக்கொண்டு தூங்கும் படத்தை எல்லோரும் பார்த்தோம். முடியாதபோதுதான் முகாம். முகாமுக்கு வந்த குட்டி பெரும்பாலும் முகாம் யானையாகவே வளரும். வேறு வழி இருக்கிறதா என்றால், இருக்கிறது. அசாமில் காசிரங்கா பக்கத்தில் உள்ள விலங்கு மறுவாழ்வு மையம், கையால் வளர்த்த யானைக்குட்டிகளை மானஸ் காட்டில் விட்டிருக்கிறது. அது நம் காட்டுக்குப் பொருந்துமா? இங்கே காட்டைச் சுற்றி ஊர், ஊரைச் சுற்றி மின்வேலி. ரகுவின் தாயைக் கொன்ற மின்சாரம் ரகுவுக்காகவும் காத்திருக்கும். மனிதவாடைக்குப் பழகிய ஆண்யானை வளர்ந்து வயலுக்குள் வந்தால் பழியும் அதன் மேல்தான். ஆக, முகாம்தான் சரி என்றுகூட ஒருவர் வாதாடலாம். என் குறையெல்லாம் அந்த வாதம் படத்தில் நடக்கவே இல்லை என்பதுதான். நடந்திருந்தால் ரகுவைக் கூட்டிப்போகும் காட்சியில் நாம் வேறு எதற்கோ அழுதிருப்போம்.

இவ்விடத்தில் ஜெயமோகனின் 'யானை டாக்டர்' நினைவுக்கு வராமல் போகாது. நிஜ மருத்துவர் வி.கிருஷ்ணமூர்த்தியை வைத்து எழுதிய அந்தக் கதை சீழ், புழு, அழுகல் எதையும் ஒதுக்கவில்லை. தமிழில் விலங்கன்பு பற்றி எழுதுகிறவர்கள் மூக்கைப் பொத்தாமல் எழுதலாம் என்று காட்டிய கதை. கடைசியில் அதுவும் யானை மனிதனைத் தேடி வரும் இடத்தில் உச்சம் கொள்கிறது என்பதைச் சொல்லிவிட்டு நகர்கிறேன். பெரிய கதைக்கே அந்த ஆசை இருக்கும்போது நெட்ஃப்ளிக்ஸைக் கோபித்து என்ன?

அந்த ஆசையைக் கட்டுப்படுத்திய படம் ஒன்று அதே ஆஸ்கர் வருஷத்தில் இருந்தது. ஷௌனக் சென்னின் 'ஆல் தட் ப்ரீத்ஸ்'. முழுநீள ஆவணப்படப் பிரிவில் போட்டியிட்டது, ஜெயிக்கவில்லை. தில்லியில் நதீம், சவுத் என்ற சகோதரர்கள் மாஞ்சா நூலில் சிறகு அறுந்து விழும் பருந்துகளுக்கு வைத்தியம் பார்க்கிறார்கள். அனாதைக் குட்டிகளின் கதை இல்லை, ஆனால் வேலை ஒன்றுதான். எடு, தேற்று, அனுப்பு. சின்ன வயதில் அடிபட்ட பருந்தைத் தூக்கிக்கொண்டு ஒரு பறவை மருத்துவமனைக்குப் போனபோது, இது மாமிசம் தின்னும் பறவை, பார்க்க மாட்டோம் என்று திருப்பி அனுப்பியதில் தொடங்கியது.

படத்தில் பருந்து யாருக்கும் குழந்தை இல்லை. நன்றியோடு பார்ப்பதில்லை, பெயர் வைத்துக் கூப்பிட்டால் வருவதில்லை. ஒரு காட்சியில் உதவியாளர் சாலிக்கின் மூக்குக்கண்ணாடியையே ஒரு பருந்து பிடுங்கிக்கொண்டு போய்விடுகிறது. தரைக்கடியில் ஒரு அறை. அங்கேதான் சோப்பு டிஸ்பென்சர் செய்து பிழைப்பு நடக்கிறது, அங்கேதான் இறைச்சி அரைபடுகிறது, அங்கேதான் மழைத்தண்ணீரும் நுழைகிறது. நன்கொடை வாங்க அனுமதி கேட்ட விண்ணப்பம் நிராகரிக்கப்படுகிறது. அண்ணன் வெளிநாடு போய்ப் படிக்க நினைக்கிறான், தம்பிக்கு அது முழுசாகப் பிடிக்கவில்லை, அதையும் இருவரும் உரக்கப் பேசிக்கொள்வதில்லை. வெளியே 2020இன் தில்லி எரிந்துகொண்டிருக்கிறது. இதற்கு நடுவில் வானத்திலிருந்து பறவைகள் விழுந்துகொண்டே இருக்கின்றன.

சந்தோஷமே இல்லையா என்றால் இருக்கிறது, அது ஓரத்தில் இருக்கிறது. ஒரு கட்டு பிரிக்கும்போது சவுத்தின் விரல்களில், சாலிக் சட்டைப்பையிலிருந்து ஒரு அணில்குட்டியை எடுக்கும் அரை நிமிஷத்தில். பருந்து பறந்து போவதை இந்தப் படம் வயலின் வைத்துக் கொண்டாடுவதில்லை. அதைப் பார்த்துக்கொண்டு நிற்கச் சகோதரர்களுக்கு நேரமும் இல்லை. கீழே அட்டைப்பெட்டிகளில் வேறு பருந்துகள் வந்திருக்கின்றன.