மண்வாசனையும் மண்ணின் உரிமையும்

திருகோணமலையைப் பற்றி எழுதப் புகுவோர் பெரும்பாலும் இரு வழிகளில் ஒன்றையே மேற்கொள்கின்றனர். ஒரு சாரார் கோணேசர் கோயிலையும் இராவணன் வெட்டையும் கன்னியா வெந்நீரூற்றையும் வருணித்துப் பழம்பெருமையில் திளைக்கின்றனர். மறு சாரார் உலகின் சிறந்த இயற்கைத் துறைமுகங்களுள் ஒன்று நம்முடையது என்று மார்தட்டி, நாளை இங்கே எழப்போகும் மாநகரைக் கனவு காண்கின்றனர். முன்னவருக்கு இறந்தகாலம் போதும். பின்னவருக்கு எதிர்காலம் போதும். கொட்டியாரக் குடாவைச் சூழ்ந்து இன்று உழைத்து உண்டு வாழும் மக்கள் இருவர் கண்ணிலும் படுவதில்லை.

இந்தக் குறையை இலக்கியம் நிறைவு செய்ததா என்பதே நம் கேள்வி. 1954ஆம் ஆண்டில் இலங்கை முற்போக்கு எழுத்தாளர் சங்கம் தோன்றியதும், அதனை அடுத்து ‘மண்வாசனை’ என்னும் சொல் விமர்சன உலகில் வலிமை பெற்றதும் நாம் அறிந்தவை. தமிழகத்து நகரங்களையும் நடையையும் இரவல் வாங்கி எழுதிய காலத்தில், நம் மக்களின் பேச்சையும் தொழிலையும் ஊரையும் எழுதுக என்ற அந்தக் குரல் பெரும் பணி செய்தது என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும் மண்ணின் வாசனையை முகர்ந்து மகிழ்ந்த விமர்சனம், அந்த மண் யாருடையது என்று கேட்க மறந்துவிட்டது. அந்த மறதிக்கு நாம் இன்றும் விலை கொடுத்து வருகிறோம்.

மூதூர் தந்த சிறந்த எழுத்தாளர் வ. அ. இராசரத்தினத்தின் புகழ்பெற்ற கதையான ‘தோணி’யையே எடுத்துக்கொள்வோம். அதே பெயரிலான அவருடைய சிறுகதைத் தொகுதி 1962இல் வெளிவந்தது. கடலோர வாழ்வை எத்துணை இயல்பாகத் தீட்டியிருக்கிறார் என்று விமர்சகர் பலரும் பாராட்டினர். பாராட்டு நியாயமானதே. ஆனால் கதையின் உயிர் வருணனையில் இல்லை. மீன்பிடிக் குடும்பத்தில் பிறந்த ஒருவன், தனக்கென்று சொந்தமாக ஒரு தோணி வேண்டும் என்று ஏங்குகிறான். உழைப்பவனுக்கும் அவனுடைய உழைப்புக் கருவிக்கும் இடையே கிடக்கும் தூரந்தான் அந்தக் கதையின் பொருள். கடல் எல்லார்க்கும் பொது, தோணி அப்படியன்று. இந்த உண்மையை ஆசிரியர் முழக்கமின்றிச் சொல்லிவிட்டார். நம் விமர்சனமோ தோணியின் அழகைக் கண்டது. அதன் உடைமையைக் காணவில்லை.

தோணிக்கு நேர்ந்தது பின்னர் நிலத்துக்கும் நேர்ந்தது. இந்தத் துறைமுகம் வரலாற்றில் என்றைக்குமே ஊராரின் தேவைக்காக வளர்ந்ததில்லை. 1795இல் பிரித்தானியர் கைப்பற்றிய நாள்முதல் அது கடற்படையின் தேவைக்காக வளர்ந்தது. சீனக்குடாவில் ஏறத்தாழ நூறு எண்ணெய்க் குதங்கள் எழுந்தன. அவற்றின் பலனை அனுபவித்தது பேரரசு. 1942 ஏப்ரல் 9ஆம் திகதி யப்பானிய விமானங்கள் குண்டு வீசியபோது, அந்தப் பேரரசின் பகையைத் தலையில் தாங்கியது ஊர். 1957இல் கடற்படைத் தளம் இலங்கை அரசாங்கத்திடம் கையளிக்கப்பட்டது. கொடி மாறியது, ஆயின் துறைமுகத்தின் தலைவிதியைத் தொலைவிலிருந்து எழுதும் வழக்கம் மாறவில்லை. 2022 ஜனவரியில் அதே குதங்களில் 61ஐ அபிவிருத்தி செய்யவென ஒரு கூட்டு நிறுவனத்துக்கு ஒப்பந்தமாயிற்று. இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு நூற்றுக்கு 51 பங்கு, லங்கா ஐ.ஓ.சி.க்கு 49 பங்கு. சீனக்குடாவின் குடிமகனுக்கு எத்தனை பங்கு என்று கேட்க அந்தக் கணக்கில் இடமே இருக்கவில்லை.

சம்பூரின் கதை இதனினும் கொடியது. 2006ஆம் ஆண்டுப் போரில் அவ்வூர் மக்கள் குடிபெயர்ந்தனர். போர் அவர்களை வெளியேற்றியது உண்மை. ஆனால் திரும்பவிடாமல் தடுத்தது போர் மட்டுமன்று. 2007இல் உயர் பாதுகாப்பு வலயம் வர்த்தமானியில் வந்தது. இந்திய நிறுவனத்துடன் கூட்டாக அனல் மின் நிலையம் அமைக்கும் திட்டமும் அந்நிலத்தைச் சுற்றி வளைத்தது. வயலும் மாட்டுப்பட்டியும் தோணியுமாக வாழ்ந்தவர்கள் கிளிவெட்டி முதலிய இடங்களில் தற்காலிகக் கொட்டில்களில் ஆண்டுகளைக் கழித்தனர். 2015 முதலே காணிகள் படிப்படியாக விடுவிக்கப்பட்டன. 2016இல் அனல் மின் திட்டம் கைவிடப்பட்டது. 2025இல் சூரிய மின் நிலையத்துக்குச் சம்பூரில் அடிக்கல் நாட்டப்பட்டது. எரிபொருள் மாறிற்று, நிலத்தின் பயனை வெளியார் தீர்மானிக்கும் முறை மாறவில்லை.

நம் இலக்கியம் இந்தக் கதையின் முற்பாதியை அறியும். குண்டு, ஓட்டம், முகாம், கண்ணீர் ஆகியவற்றை நம் கவிஞரும் சிறுகதையாளரும் நெஞ்சுருக எழுதியுள்ளனர். பிற்பாதியோ கோப்புகளிலும் வரைபடங்களிலும் நிகழ்வது. அங்கே இரத்தம் சிந்துவதில்லை; அதனாலேயே அது கதைப்பொருளாகாது என்று எண்ணிவிடுகிறோம். ஒரு கிராமத்தை வரைபடத்தில் ‘வெறுங்காணி’ என்று குறிக்கும் பேனா, துவக்கிற்குச் சற்றும் குறைந்த கருவியன்று.

வேகமாக வளரும் துறைமுகப் புறநகர் எத்தகையது என்பதற்கு இந்தியாவில் கண்கூடான சான்று உண்டு. பம்பாயின் நெரிசலைக் குறைக்கவெனக் குடாவுக்கு அப்பால் புதிய நகரொன்றை அமைக்க 1970இல் ‘சிட்கோ’ நிறுவப்பட்டது. உப்பளத்திலும் வயலிலும் மீன்பிடியிலும் வாழ்ந்த 95 கிராமங்களின் நிலம் திட்டத்துக்குள் வந்தது. ஆக்ரி, கோலி மக்கள் நியாயமான ஈடு கேட்டுக் கிளர்ந்தனர். 1984 ஜனவரியில் உரண் பகுதியில் பொலிசார் சுட்டதில் ஐவர் மாண்டனர். எடுத்த நிலத்தில் நூற்றுக்கு 12.5 பங்கைப் பண்படுத்தித் திருப்பித் தரும் ஏற்பாடு இந்தப் போராட்டத்தின் பயனாகவே கிட்டியது. 1989இல் நவசேவாத் துறைமுகம் இயங்கத் தொடங்கியது. 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் நவி மும்பை மாநகராட்சியின் மக்கள் தொகை 11 இலட்சத்தைத் தாண்டியிருந்தது. நகரம் வளர்ந்தது பொய்யன்று. ஆனால் நிலத்துக்கு உரியவனுக்குப் பங்கு கிடைத்தது திட்டத்தின் கருணையால் அன்று, அவன் கேட்டதால்.

இத்தகைய மாற்றத்தைத் தமிழ் நாவல் எழுத இயலாதா? இயலும் என்பதற்குப் பெருமாள்முருகனின் ‘ஏறுவெயில்’ (1991) சான்று. வீட்டு வசதிக் குடியிருப்புக்காக நிலத்தை இழந்த கொங்குநாட்டு உழவர் குடும்பம் ஒன்று எவ்வாறு சிதைகிறது என்பதைச் சிறுவனொருவனின் கண்வழி அது காட்டுகிறது. ஈட்டுப் பணம் வீட்டுக்குள் வருகிறது. உறவு வெளியே போகிறது. உழவரைப் புனிதராக்கி அழுவதை ஆசிரியர் விரும்பவில்லை. அவர்களுடைய சண்டையையும் பேராசையையும் மறைக்காமல் எழுதியதனாலேயே இழப்பின் கனம் நமக்குத் தெரிகிறது. சம்பூரும் சீனக்குடாவும் வேண்டி நிற்பது இத்தகைய எழுத்தையே.

‘அப்படியாயின் நீர் தொழிற்சாலைக்கும் நகருக்கும் பகைவரோ?’ என்று சிலர் கேட்கக்கூடும். அல்லவே அல்ல. 2009இல் கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்டபோது, படகுப் பாதைக்குக் காத்துக் கிடந்த நோயாளியும் மாணவனும் அடைந்த ஆறுதலை அறியாதவன் முற்போக்காளன் ஆகான். பழைய வறுமைக்குப் பண்பாடு என்று பெயர் சூட்டி அதைக் காக்க நினைப்பது பிற்போக்கு. ஆனால் பாலம் ஊராரை ஊராரோடு சேர்த்தது. வேலி ஊராரை ஊரிலிருந்தே பிரித்தது. இரண்டையும் ‘அபிவிருத்தி’ என்ற ஒரே சொல்லால் அழைக்கும்போது அச்சொல்லைத் தட்டிக் கேட்பது எழுத்தாளன் கடமை.

அந்தக் கடமை ஓரினத்துக்கு மட்டும் உரியதன்று. இக்குடாவின் கரையில் தமிழனும் முஸ்லிமும் சிங்களவனும் வலை இழுக்கின்றனர். தம்முள் ஐயுற்று நிற்கும் மூவருக்கும் நிலத்தைப் பறிக்கும் பத்திரம் ஒரே மொழியில்தான் வருகிறது: அது கணக்கின் மொழி. மூவரையும் ஒரே கதைக்குள் கொண்டுவரும் ஆற்றல் நம் எழுத்துக்கு வரவேண்டும்.

ஆகவே நம் விமர்சகர்க்கு ஒன்று சொல்வோம். இனித் திருகோணமலையிலிருந்து ஒரு கதை வரும்போது, பேச்சுவழக்கு சரியாக இருக்கிறதா, கடலின் நிறம் பொருந்தியிருக்கிறதா என்று பார்ப்பதோடு நின்றுவிட வேண்டாம். அந்தத் தோணி யாருடையது, அந்த வயலின் உறுதி யார் பெயரில் இருக்கிறது, அந்த வேலியை யார் நாட்டினார் என்றும் கேளுங்கள். விமர்சனம் கேட்டால் எழுத்து விடை தேடும். வரைபடத்தில் வெறுமையாய்க் கிடக்கும் இடங்களில் ஊர்களின் பெயரை மீண்டும் எழுதும் வேலை அங்கேதான் தொடங்குகிறது.